வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்கு

ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆண்ட கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், 'கணித சார சங்கிரகம்' என்னும் தம் வடமொழி நூலில் பழங்களின் விலையைப் பற்றிய கணக்கு ஒன்றைத் தருகிறார். ஒன்பது நாரத்தம்பழங்களும் ஏழு விளாம்பழங்களும் சேர்ந்து 107 காசு என்றும், ஏழு நாரத்தம்பழங்களும் ஒன்பது விளாம்பழங்களும் சேர்ந்து 101 காசு என்றும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பழத்தின் விலையையும் தனித்தனியே கூறுமாறு அவர் கேட்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த எம். ரங்காசாரியர் இந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசு அச்சகம் அதை வெளியிட்டது; கணித வரலாற்றை ஆராய்வோர் மகாவீரரைப் பரவலாக அறிந்துகொண்டது அந்தப் பதிப்பின் வழியாகவே. அவர் கேட்ட கேள்வியை எண்களைக்கூட மாற்றாமல் இன்றைய ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் கேட்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடுகள்' என்ற பகுதியில் அது இயல்பாகப் பொருந்திவிடும்.

தனியே எழுதிக் கொடுத்த இரண்டு சமன்பாடுகளைப் பிழையின்றித் தீர்த்துவிடும் மாணவர், அதே சமன்பாடுகள் ஒரு வாக்கியக் கணக்குக்குள் பொதிந்து வரும்போது திகைத்து நின்றுவிடுவதைக் கணித ஆசிரியர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். இதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. வாக்கியக் கணக்கு என்பது ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருவகைத் திறன்களைக் கேட்கிறது என்பதே காரணம். சொல்லப்பட்ட செய்தியைப் படித்து, தெரியாதது எது, தெரிந்தது எது, அவற்றை இணைக்கும் உறவு எது என்று கண்டு அதைச் சமன்பாடாக எழுதுவது முதல் திறன். எழுதிய சமன்பாட்டைத் தீர்ப்பது இரண்டாவது. இரண்டாவதற்கு ஈராயிரம் ஆண்டுகளாகத் திட்டவட்டமான வழிமுறைகள் இருக்கின்றன, இன்று அதை ஒரு கைப்பேசியே நொடிப்பொழுதில் செய்துவிடும். முதலாவதற்கு அப்படி ஒரு வழிமுறை கிடையாது. ஒவ்வொரு முறையும் மனிதர் நின்று யோசித்தாக வேண்டும். ஆனால் வகுப்பறை நேரத்தின் பெரும்பகுதி இரண்டாவதற்கே போய்விடுகிறது என்பதும், முதலாவது 'கேள்வியை நன்றாகப் படி' என்ற ஓர் அறிவுரையோடு முடிந்துவிடுகிறது என்பதும் வருந்தத்தக்கவை.

மகாவீரரின் கணக்கையே எடுத்துக்கொண்டு அடிப்படைச் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ஒரு நாரத்தம்பழத்தின் விலையை 'ப' என்றும், ஒரு விளாம்பழத்தின் விலையை 'ம' என்றும் வைத்துக்கொண்டால், முதற்கூற்று 9ப + 7ம = 107 என்றும், இரண்டாம் கூற்று 7ப + 9ம = 101 என்றும் ஆகின்றன. மதிப்புத் தெரியாத எண்ணுக்கு இடப்படும் எழுத்து மாறி எனப்படும். இருபுறமும் உள்ள அளவுகள் சமம் என்று சொல்லும் கூற்று சமன்பாடு. மாறிகள் ஒன்றையொன்று பெருக்காமலும், வர்க்கமாகவோ வகுக்கும் எண்ணாகவோ வராமலும், வெறும் எண்களால் பெருக்கப்பட்டு, கூட்டப்பட்டோ கழிக்கப்பட்டோ மட்டும் இருந்தால் அச்சமன்பாடு நேரியல் சமன்பாடு. ஒரே மாறிகளைப் பற்றி ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டிய பல சமன்பாடுகளின் தொகுப்பு ஒருங்கமை சமன்பாடுகள் ஆகும். இங்கு 'ந' என்றும் 'வி' என்றும் பழங்களின் முதலெழுத்துகளையே வைத்திருக்கலாமே என்று தோன்றக்கூடும். அதை வேண்டுமென்றே தவிர்ப்பது நல்லது. ஏனெனில் 9ந என்று எழுதியதும் அது 'ஒன்பது நாரத்தை' என்று கண்ணில் பட்டுவிடுகிறது. உண்மையில் அது ஒன்பது மடங்கு விலை. எழுத்து குறிப்பது பழத்தை அன்று, ஓர் எண்ணை. இந்த வேறுபாடு மங்கிவிடும் இடத்தில்தான் பின்னர் வரும் பிழைகளில் பாதி தொடங்குகின்றன.

தீர்க்கும் வழி பலரும் பள்ளியில் கற்றதுதான். முதற்சமன்பாட்டை 7ஆலும் இரண்டாவதை 9ஆலும் பெருக்கினால் 63ப + 49ம = 749 என்றும், 63ப + 81ம = 909 என்றும் கிடைக்கின்றன; பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 'ப' முற்றிலும் மறைந்து 32ம = 160 என்று நிற்கிறது. ஆகவே விளாம்பழத்தின் விலை 5 காசு; அதை முதற்கூற்றில் இட்டால் 9ப = 72, அதாவது நாரத்தை 8 காசு. ஒரு மாறியை ஒழித்துக்கட்டுவதால் இதற்கு நீக்கல் முறை என்று பெயர். சமநிலையில் நிற்கும் தராசின் இரு தட்டுகளிலிருந்தும் சம எடையை எடுத்தால் அது சாயாமல் நிற்பதுபோல, சமமானவற்றிலிருந்து சமமானவற்றைக் கழித்தால் மிஞ்சுவதும் சமமாகவே இருக்கும் என்பது இம்முறைக்கு அடிப்படை. ஒரு சமன்பாட்டிலிருந்து ஒரு மாறியை மற்றதன் வடிவில் எழுதி அடுத்த சமன்பாட்டில் இடுவது பிரதியிடல் முறை. அதன் உட்கருத்தும் ஒரு மாறியை நீக்குவதே.

மகாவீரர் இக்கணக்குக்கென ஒரு விதியையே வகுத்துத் தருகிறார்: பெரிய தொகையைப் பெரிய எண்ணிக்கையாலும், சிறிய தொகையைச் சிறிய எண்ணிக்கையாலும் பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, எண்ணிக்கைகளின் வர்க்கங்களுடைய வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 9 × 107 என்பது 963, 7 × 101 என்பது 707, வேறுபாடு 256. 81இலிருந்து 49 போக 32. 256ஐ 32ஆல் வகுத்தால் 8. கணக்கைக் கூர்ந்து பார்ப்பவருக்கு இதைவிட எளிய வழியும் புலப்படும். இரு கூற்றுகளையும் கூட்டினால் பதினாறு நாரத்தையும் பதினாறு விளாவும் 208 காசு, ஆகவே ஒவ்வொன்றில் ஒன்று சேர்ந்தால் 13 காசு. கழித்தால் இரண்டு நாரத்தைக்கும் இரண்டு விளாவுக்கும் உள்ள விலை வேறுபாடு 6 காசு, ஆகவே ஒன்றுக்கொன்று வேறுபாடு 3 காசு. கூடுதல் 13, வேறுபாடு 3 என்றதும் 8, 5 என்பது மனக்கணக்கு. எண்கள் இடம் மாறி வந்திருக்கின்றன என்ற சமச்சீரைக் கண்டுகொண்டதால் கிடைத்த சலுகை இது. இத்தகைய பார்வையை ஊக்குவிக்கும் ஆசிரியர்கள் மாணவர்களுக்குப் பெரிய நன்மை செய்கிறார்கள்.

வரைபடத் தாளில் ஒவ்வொரு நேரியல் சமன்பாடும் ஒரு நேர்கோடாக அமையும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே இரண்டு கூற்றுகளையும் ஒருசேர நிறைவு செய்யும் விடை. இப்பார்வையால் கிடைக்கும் பயன், எப்போது விடை இல்லாமற் போகும் என்பது கண்ணெதிரே தெரிவதாகும். பழக்கணக்கில் இரண்டாம் கூற்று 'பதினெட்டு நாரத்தையும் பதினான்கு விளாவும் 214 காசு' என்று இருந்திருந்தால், அது முதற்கூற்றை இரட்டிப்பாக்கியதே தவிரப் புதிய செய்தி எதையும் தரவில்லை. இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, எண்ணற்ற விடைகளுக்கு இடம் தந்துவிடும். அதே பழங்கள் 220 காசு என்று சொல்லியிருந்தால் இரு கூற்றுகளும் முரண்படும். கோடுகள் இணையாகச் சென்று ஒருபோதும் சந்திக்கா. இரண்டு தெரியாத எண்களுக்கு இரண்டு கூற்றுகள் போதும் என்று பொதுவாகச் சொல்வதன் முழுப்பொருள், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற முடியாத, ஒன்றையொன்று மறுக்காத இரண்டு கூற்றுகள் வேண்டும் என்பதே.

வாக்கியத்தைச் சமன்பாடாக்குவதில் உள்ள நுட்பத்தைக் காட்டுவதற்கு, இரண்டாம் பாஸ்கரர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய 'பீஜகணித'த்தில் வரும் ஒரு கணக்கைக் காட்டிலும் பொருத்தமானது கிடைப்பது அரிது. ஒருவர் தம் நண்பரிடம், "எனக்கு நூறு கொடு, உன்னைப்போல் இருமடங்கு செல்வம் உடையவன் ஆவேன்" என்கிறார். அதற்கு மற்றவர், "நீ எனக்குப் பத்து கொடு, உன்னைப்போல் ஆறு மடங்கு செல்வம் உடையவன் ஆவேன்" என்கிறார். இருவரிடமும் இருக்கும் தொகை எவ்வளவு என்பது கேள்வி. முதல்வரிடம் 'ப', மற்றவரிடம் 'ம' என்று கொண்டு, அவசரத்தில் பலர் எழுதும் சமன்பாடு ப + 100 = 2ம என்பதாகும். நூறு பெற்றவரின் தொகை கூடியதைக் கவனித்த கண், கொடுத்தவரின் தொகை குறைந்ததைக் கவனிக்கத் தவறிவிடுகிறது. சரியான சமன்பாடு ப + 100 = 2(ம − 100). இரண்டாம் கூற்றில் இன்னொரு கண்ணியும் உண்டு: முதற்பரிமாற்றம் நடந்து முடிந்த பிறகு இது நடக்கிறதா, அல்லது முதல் நிலையிலிருந்தே தொடங்குகிறதா? இரண்டும் 'கொடுத்தால்' என்ற நிபந்தனைகளே தவிர நடந்த நிகழ்ச்சிகள் அல்ல என்பதை உணர்ந்தால்தான் ம + 10 = 6(ப − 10) என்று எழுத முடியும். இந்த இரு முடிவுகளுமே கணிதத்தால் எடுக்கப்படுபவை அல்ல, மொழியைப் புரிந்துகொள்வதால் எடுக்கப்படுபவை.

முதற்சமன்பாட்டைச் சுருக்கினால் ப = 2ம − 300, இரண்டாவதைச் சுருக்கினால் ம = 6ப − 70; பின்னதை முன்னதில் இட்டால் 11ப = 440 என்றாகி, முதல்வரிடம் 40, மற்றவரிடம் 170 என்று கிடைக்கின்றன. ஆனால் பாஸ்கரர் இவ்வழியில் செல்லவில்லை. முதல்வரின் தொகையை ஒரு தெரியாத எண்ணின் இருமடங்கில் நூறு குறைவு என்றும், மற்றவரின் தொகையை அதே எண்ணோடு நூறு என்றும் அவர் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். இப்போது 'ப' என்று குறிக்கப்போகும் அந்தத் தெரியாத எண், நூறு கொடுத்த பிறகு மற்றவரிடம் மிஞ்சும் தொகையாகும். இப்படி வைத்ததுமே முதல் நிபந்தனை தானாக நிறைவேறிவிடுகிறது, இரண்டாவதை மட்டும் எழுதினால் போதும்: ஆறு மடங்கு 2ப − 110 என்பது ப + 110க்குச் சமம், ஆகவே 11ப = 770, ப = 70. எதைத் தெரியாத எண்ணாகக் கொள்வது என்று நன்கு தேர்ந்தால் ஒரு சமன்பாடே மிச்சமாகிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று வேண்டியதில்லை. பல மாறிகள் தேவைப்படும் இடங்களில் பாஸ்கரர் தயங்குவதும் இல்லை. பிரமகுப்தர் காலம் தொட்டு வந்த மரபின்படி கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என நிறங்களின் பெயர்களை மாறிகளாகக் கொண்டு, அப்பெயர்களின் முதலசைகளைக் குறியீடுகளாக எழுதி அவர் கணக்கிடுகிறார்.

கிடைத்த விடையைச் சரிபார்க்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதைப் பலர் சொல்வதில்லை. கொடுத்தவரின் தொகை குறைவதை மறந்து ப + 100 = 2ம, ம + 10 = 6ப என்று எழுதிய மாணவர், அவற்றைத் தீர்த்து 11இல் 120 பங்கு என்ற பின்னத்தைப் பெற்று, அதை மீண்டும் தம் சமன்பாடுகளில் இட்டால் இருபுறமும் கச்சிதமாகச் சமமாகத்தான் இருக்கும். பிழையான சமன்பாட்டின் விடை பிழையான சமன்பாட்டுக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. சோதனை கதையோடு நடக்க வேண்டும்: 40 வைத்திருப்பவர் 100 பெற்றால் 140, கொடுத்தவரிடம் 70, இருமடங்குதான், 170 வைத்திருப்பவர் 10 பெற்றால் 180, கொடுத்தவரிடம் 30, ஆறு மடங்குதான். சமன்பாட்டை மறைத்துவிட்டு, நண்பர்களின் பேச்சை மட்டும் முன்வைத்துச் செய்யும் இச்சோதனை அரை நிமிடத்துக்கு மேல் எடுக்காது, ஆனால் மொழியிலிருந்து கணிதத்துக்கு வந்த வழியில் நேர்ந்த தவற்றைப் பிடிக்கும் ஆற்றல் இதற்கு மட்டுமே உண்டு.

மொழியைச் சமன்பாடாக்கும்போது நேரும் தவறுகள் வெறும் கவனக்குறைவால் வருபவை அல்ல என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் கிளமென்ட்டும் அவருடைய உடனாய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக என்று பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் அவர்கள் கேட்டபோது, நூற்றுக்கு 37 பேர் தவறாக எழுதினார்கள்; தவறியவர்களில் பெரும்பாலோர் மாணவர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கி அதைப் பேராசிரியர் எண்ணிக்கைக்குச் சமம் என்று தலைகீழாக எழுதியிருந்தார்கள். அவர்களுடைய மனத்தில் உருவாகியிருந்த காட்சி சரியானதே: ஒரு பேராசிரியர், அவரைச் சுற்றி ஆறு மாணவர்கள். அந்தக் காட்சியை அப்படியே படம்போல எழுதிவிட்டதால்தான் 'ஆறு மாணவர், ஒரு பேராசிரியர்' என்ற வரிசையில் குறியீடுகள் விழுந்தன. சமன்பாடு படம் அன்று. எந்த எண்ணை எத்தனையால் பெருக்கினால் எந்த எண் வரும் என்ற கூற்று அது. பேராசிரியர் பத்துப் பேர் என்றால் மாணவர் எத்தனை பேர் என்று ஓர் எண்ணை இட்டுப் பார்த்தால் பிழை உடனே வெளிப்படும், இந்தப் பழக்கத்தைச் சிறு வகுப்பிலேயே ஊட்டலாம். எழுத்து பொருளைக் குறிக்கிறது என்ற மயக்கம் இங்கும் வேலை செய்திருப்பது தெளிவு.

பாடநூல்களில் வரும் வயதுக் கணக்கு, ஈரிலக்க எண் கணக்கு, படகுக் கணக்கு ஆகியவற்றில் பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு செய்தியை வாசகரே கொண்டுவர வேண்டியிருக்கும். ஐந்தாண்டுகள் கழிந்தால் தந்தைக்கும் மகளுக்கும் இருவருக்குமே ஐந்து வயது கூடும் என்பதை எந்தக் கணக்கும் சொல்வதில்லை. பத்தாமிடத்து இலக்கம் பத்து மடங்கு மதிப்புடையது என்பதையும், ஆற்றோட்டம் படகுக்கு ஒரு திசையில் துணையாகவும் மறுதிசையில் தடையாகவும் இருக்கும் என்பதையும் படிப்பவரே அறிந்திருக்க வேண்டும். இவற்றைக் காட்டிலும் கூர்மையான சிக்கல் வேலைக் கணக்குகளில் இருக்கிறது. இரண்டு கொத்தனார்களும் நான்கு சித்தாள்களும் சேர்ந்து ஒரு மதிற்சுவரை ஆறு நாளில் கட்டி முடிக்கிறார்கள், ஐந்து கொத்தனார்களும் இரண்டு சித்தாள்களும் என்றால் நான்கு நாளில் முடிக்கிறார்கள், ஒரு கொத்தனார் தனியே கட்டினால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், கேட்கப்பட்ட நாள் கணக்கையே மாறியாக வைக்கத்தான் கை நீளும். அப்படி வைத்தால் மாறிகள் வகுக்கும் எண்களாக வந்து, சமன்பாடு நேரியலாக இராது. மாறாக, ஒரு கொத்தனார் ஒரே நாளில் முடிக்கும் பங்கை 'ப' என்றும், ஒரு சித்தாளின் பங்கை 'ம' என்றும் வைத்தால், 2ப + 4ம = 1/6 என்றும் 5ப + 2ம = 1/4 என்றும் எளிய நேரியல் சமன்பாடுகள் கிடைக்கின்றன. இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 8ப = 1/3, ஆகவே ப = 1/24, ம = 1/48; கொத்தனாருக்கு 24 நாள், சித்தாளுக்கு 48 நாள். கேட்கப்பட்டதையே மாறியாக வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கேட்கப்பட்டதற்கு அழைத்துச் செல்லும் அளவு எதுவோ அதை வைக்கலாம் என்ற இச்சுதந்திரத்தை மாணவர்கள் பெரும்பாலும் அறியாமலே பள்ளியை விட்டுச் சென்றுவிடுகிறார்கள்.

குறியீடுகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இத்தகைய கணக்குகள் போடப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, இரண்டு வயல்களைப் பற்றிப் பேசுகிறது. அவற்றின் மொத்தப் பரப்பு 1800 அலகு. முதல் வயலில் அலகுக்கு மூன்றில் இரண்டு படியும், இரண்டாவதில் அலகுக்கு அரைப்படியும் தானியம் தர வேண்டும். முதல் வயல் இரண்டாவதைவிட 500 படி கூடுதலாகத் தருகிறது. பாபிலோனியர் முதலில் இரண்டும் சமம், தலைக்கு 900 என்று வைத்துக்கொள்கிறார். அப்போது கிடைக்கும் வேறுபாடு 600க்கும் 450க்கும் இடையிலான 150 மட்டுமே. இன்னும் 350 தேவை. ஓர் அலகு நிலத்தை இரண்டாம் வயலிலிருந்து முதலாவதற்கு மாற்றினால் வேறுபாடு மூன்றில் இரண்டும் அரையும் சேர்ந்த அளவு, அதாவது ஆறில் ஏழு பங்கு கூடுகிறது. ஆகவே 300 அலகை மாற்ற வேண்டும். விடை 1200, 600. சீனத்துச் 'சுன்சி' கணித நூலில் வரும் கூண்டுக் கணக்கும் இத்தகையதே: கோழியினத்துப் பறவைகளும் முயல்களும் சேர்ந்து தலைகள் 35, கால்கள் 94 என்றால், கால்களைப் பாதியாக்கி 47 என்று கொண்டு அதிலிருந்து தலைகளைக் கழித்தால் முயல்கள் 12, மீதி 23 பறவைகள். இவ்வழிகளின் அழகு மறுக்க முடியாதது. ஆயினும் ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு புதிய தந்திரம் தேவைப்படுகிறது, மூன்று நான்கு தெரியாத எண்கள் வந்தால் தந்திரம் கைகொடுப்பதில்லை.

எத்தனை தெரியாத எண்கள் இருந்தாலும் செல்லக்கூடிய பொதுவழியை முதலில் எழுத்தில் வைத்தவர்கள் சீனர்கள். ஹான் பேரரசின் காலத்தில் தொகுக்கப்பட்ட 'ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் நூலின் எட்டாவது அத்தியாயம் முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் முதற்கணக்கு இது: உயர்தரக் கதிர்க்கட்டு மூன்று, நடுத்தரக் கட்டு இரண்டு, கீழ்த்தரக் கட்டு ஒன்று ஆகியவற்றிலிருந்து 39 மரக்கால் தானியம் கிடைக்கிறது (மரக்கால் என்பது இங்கு சீன அளவான 'தோ'வுக்குப் பதிலாக வருகிறது); இரண்டு, மூன்று, ஒன்று என்றால் 34 மரக்கால்; ஒன்று, இரண்டு, மூன்று என்றால் 26 மரக்கால். கணக்கர் ஒரு பலகையின் மேல் சிறு குச்சிகளை அடுக்கி, வலக்கோடியில் 3, 2, 1, 39 என்று மேலிருந்து கீழாகவும், அதற்கு இடப்புறம் 2, 3, 1, 34 என்றும், அதற்கும் இடப்புறம் 1, 2, 3, 26 என்றும் மூன்று நிரல்களை அமைக்கிறார். எந்த எழுத்தும் எந்தச் சமக்குறியும் இல்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்பதே எந்த மாறிக்கு உரியது என்பதைச் சொல்லிவிடுகிறது. நடு நிரலை மூன்றால் பெருக்கி, வல நிரலை இருமுறை கழித்தால் 0, 5, 1, 24 என்றாகிறது. இட நிரலை மூன்றால் பெருக்கி, வல நிரலை ஒருமுறை கழித்தால் 0, 4, 8, 39. பின்னதை ஐந்தால் பெருக்கி, முன்னதை நான்கு முறை கழித்தால் 0, 0, 36, 99 என்று ஒரே ஒரு தெரியாத எண் மட்டும் மிஞ்சுகிறது. கீழ்த்தரக் கட்டுக்கு 2¾ மரக்கால்; அங்கிருந்து பின்னோக்கிச் சென்றால் நடுத்தரத்துக்கு 4¼, உயர்தரத்துக்கு 9¼. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் அணிகள் என்ற பாடத்தில் 'காஸியன் நீக்கல் முறை' என்று கற்பிக்கப்படுவது, நிரல்களை நிரைகளாகத் திருப்பியதைத் தவிர, இதுவேதான்.

இப்படிக் கழித்துக்கொண்டே போகையில் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க வேண்டிய நிலை வந்தே தீரும். அதற்கு அஞ்சி நின்றிருந்தால் வழிமுறை பாதியில் முறிந்திருக்கும். அந்நூல் குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்துக் கொண்டது, கி.பி. 263இல் அதற்கு உரை எழுதிய லியு ஹுய், மிகை எண்களுக்குச் சிவப்புக் குச்சிகளும் குறை எண்களுக்குக் கறுப்புக் குச்சிகளும் வைக்கலாம் என்கிறார். கடன், இழப்பு போன்ற பொருள் எதுவும் தேவைப்படாமல், ஒரு வழிமுறை தடையின்றி ஓடுவதற்காகவே குறை எண்கள் ஏற்கப்பட்டன என்பது கணித வரலாற்றில் நினைத்து மகிழத்தக்க செய்தி.

அதே அத்தியாயத்தில் ஐந்து குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் கிணறு ஒன்று வருகிறது. முதற்குடும்பத்தின் கயிறு இரண்டோடு இரண்டாம் குடும்பத்தின் கயிறு ஒன்றைச் சேர்த்தால் கிணற்றின் ஆழம்; இரண்டாவதன் கயிறு மூன்றோடு மூன்றாவதன் கயிறு ஒன்று, மூன்றாவதன் நான்கோடு நான்காவதன் ஒன்று, நான்காவதன் ஐந்தோடு ஐந்தாவதன் ஒன்று, ஐந்தாவதன் ஆறோடு முதலாவதன் ஒன்று என ஒவ்வொன்றும் அதே ஆழம். ஐந்து கயிறுகளின் நீளமும் கிணற்றின் ஆழமும் ஆக ஆறு தெரியாத எண்கள், கூற்றுகளோ ஐந்துதான். நூல் தரும் விடை ஆழம் 721, கயிறுகள் 265, 191, 148, 129, 76. இருமடங்கு 265 ஆகிய 530உடன் 191ஐக் கூட்டினால் 721 வருவதை எவரும் சரிபார்க்கலாம். ஆனால் எல்லா எண்களையும் இரட்டித்தாலும் கூற்றுகள் அனைத்தும் உண்மையாகவே இருக்கும்; கிடைத்தது நீளங்களின் விகிதம் மட்டுமே என்பதை லியு ஹுய் தம் உரையில் சுட்டிக்காட்டுகிறார். கூற்று ஒன்று குறைந்தால் விடையில் என்ன தளர்வு வரும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கணக்கு இன்றைய பாடநூல்களிலும் இடம்பெறத் தகுதியுடையது.

ஐரோப்பாவில் இந்த நீக்கல் வழிமுறை விண்ணியலோடு வளர்ந்தது. பாலஸ் என்னும் குறுங்கோளின் பாதையைத் திருத்தமாகக் கணிக்க முற்பட்ட கணித அறிஞர் காஸ் ('காஸியன்' என்ற பெயர் இவரைக் குறிப்பதே), 1810இல் எழுதிய ஆய்வில் ஆறு தெரியாத அளவுகளை ஒழுங்கான நீக்கலால் கண்டறிந்தார். அவருக்குக் கிடைத்த கூற்றுகள் வானை நோக்கி எடுத்த அளவீடுகள் ஆதலால் எண்ணிக்கையில் மிகுந்தும் சிறு பிழைகளால் ஒன்றோடொன்று முற்றும் பொருந்தாமலும் இருந்தன. எல்லாவற்றோடும் மிகக் குறைந்த பிழையுடன் ஒத்துப்போகும் விடை எது என்று கேள்வியையே அவர் மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது.

அக்கேள்வியின் தொடர்ச்சியை இன்று ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் காணலாம். பிரிட்டனின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்பீல்டு உருவாக்கிய முதல் சிடி ஸ்கேன் கருவி, 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று இலண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. தலையின் ஒரு குறுக்குத் துண்டை நிரைக்கு 80 வீதம் 6,400 சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எக்ஸ் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைத் தெரியாத எண்ணாக அவர் கொண்டார். ஒரு கதிர் தலையின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவரும்போது அது இழந்த வலிமையிலிருந்து, அது கடந்துவந்த கட்டங்களின் உறிஞ்சல்கள் அனைத்தையும் கூட்டினால் என்ன வரும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு கதிரும் இவ்வாறு ஒரு நேரியல் சமன்பாட்டைத் தந்தது. கருவி ஒவ்வொரு பாகையாகச் சுழன்று 180 கோணங்களில், கோணத்துக்கு 160 வீதம் 28,800 அளவீடுகளை எடுத்தது. ஒரு கதிரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கட்டம் எலும்பு, எந்தக் கட்டம் கட்டி என்று சொல்லவே முடியாது. வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே கட்டத்தைக் கடக்கும் கதிர்கள் ஒருங்கே பேசும்போதுதான் அது வெளிப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக் இதற்கான கணிதத்தைத் தனியே முன்னரே வகுத்திருந்தார். 1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.